கொழும்பு பஸ்

சந்திரிகா: வேனை எதுக்குப்பா பேராதனையிலயே திருப்பி அனுப்புனீங்க? ஏர்போட் வரைக்கும் பேசுன வேன்தானே?

காளிமுத்து: அந்தப் பையன் வண்டிய ஓட்டுறானா, பறக்க விடுறானா? வயித்தப் பொரட்டிருச்சும்மா. கொழும்பு பஸ்ல போய்க்கலாம்.

சந்திரிகா: ஒங்களுக்கா? தெல்தோட்டை மலை ரோட்டு வளைவெல்லாம் கொறட்ட விட்டுக்கிட்டு வந்தீங்க...

காளிமுத்து: அது வேற, இது வேற.

சந்திரிகா: சரி, எறங்குனதுதான் எறங்குனீங்க, யுனிவர்சிட்டி கெம்பஸ் பக்கத்துலயேவா எறங்கணும்?

காளிமுத்து: பஸ்ஸு இங்கதானே நிக்கும்.

சந்திரிகா: அப்பா... குடைய விரிங்க.

காளிமுத்து: மழையே இல்லியே.

சந்திரிகா: விரிங்கப்பா. நம்ம தோட்டத்து அங்கம்மாக்கா மக புத்தகத்தோட வருது.

காளிமுத்து: வரட்டுமே. லண்டனுக்குப் படிக்கப் போற புள்ளய ஒரு தடவ பாத்துக்கட்டும்.

சந்திரிகா: என்னவிட அவளுக்கு மார்க்ஸ் கொறச்சல். கெடச்ச எடத்துல பேசாம படிக்கிறா. எனக்கும் இந்தக் கெம்பஸ்லதான எடம் கெடச்சுச்சு...

காளிமுத்து: நீதான், பஸ்ஸுல போயிட்டு வர்ற எடத்துல என்ன பெரிய படிப்புன்னு கேட்ட.

சந்திரிகா: அதையே நீங்க கோயில்ல மைக் புடிச்சு சொன்னீங்க.

காளிமுத்து: மைக்க கையில குடுத்துட்டானுங்க... நான் என்ன செய்ய.

சந்திரிகா: போயிட்டாளா?

காளிமுத்து: போயிருச்சு. பெட்டி ஏம்மா இவ்வளவு லேசா இருக்கு? அங்க குளிராமே.

சந்திரிகா: குளிர் உடுப்பெல்லாம்... அங்க வாங்கிக்கலாம். நீங்க ஏம்ப்பா வீணா அலையணும்? இப்படியே தோட்டத்துக்குத் திரும்பிருங்க. நான் தனியா போய்க்கிறேன்.

காளிமுத்து: ஒன்னய தனியா விட்டுட்டா? அதுக்கு... கண்டியில மாமா வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு...

சந்திரிகா: பிளைட் இன்னிக்கு ராத்திரிப்பா.

காளிமுத்து: ஆமால்ல... மறந்துட்டேன்.

சந்திரிகா: பஸ் வருது.

காளிமுத்து: கூட்டமா இருக்கும்மா.

சந்திரிகா: ஆமா. கூட்டம்தான்.

காளிமுத்து: டீ குடிக்கிறியா?

சந்திரிகா: வேணாம்... அந்தா, இன்னொண்ணும் போயிருச்சு.

காளிமுத்து: அது ஏசி பஸ்ஸு. எனக்கு ஒத்துக்காது.

சந்திரிகா: இப்ப மூணாவதா போனது ஏசி இல்ல. சீட்டெல்லாம் காலி. ஏம்ப்பா கை காட்டல?

காளிமுத்து: நீ ஏன் காட்டல? காலையில தோட்டத்துல டயருக்கு எலுமிச்சங்கா வச்சு வேன ஏத்துனப்ப ஏம்மா அப்படி அழுத?

சந்திரிகா: எல்லாருந்தான் அழுதாங்க.

காளிமுத்து: அவங்க அழுதது வேற மாதிரி.

சந்திரிகா: விசா கெடைக்கலப்பா... விசா ஆபீஸ்லயே இல்லன்னுட்டாங்க. சொல்லத்தான் கொழும்புல இருந்து ஓடி வந்தேன். வந்து பாத்தா நம்ம ரோட்டுச் சந்தியில என் மொகத்த அவ்ளோ பெருசா போட்டு பேனர். பின்னால லண்டன் மணிக்கூட்டுக் கோபுரம் வேற. சொல்ல வாயே வரல.

காளிமுத்து: அப்ப இந்தப் பெட்டி?

சந்திரிகா: கண்டியில ஒரு துணிக்கடையில வேலை பேசி வச்சிருக்கேன். பக்கத்துலயே கட்டுகஸ்தோட்டையில ரூம். ஒங்களத் திருப்பி அனுப்பிட்டு அங்க போயி, லண்டன்ல இருந்து பேசுறேன்னு போன் எடுக்கலாம்னு... வெக்கமா இருக்குப்பா. ஒங்க மொகத்தப் பாக்க முடியல. ஏசுங்கப்பா.

காளிமுத்து: எந்த வாயால ஏசுவேன்? எனக்குத் தெரியும்மா. ஒன் போன் வேலை செய்யலன்னு விசா எடுக்குற ஏஜென்சிக்காரன் எனக்கு போன் அடிச்சு சொன்னான்.

சந்திரிகா: எப்ப? பேனர் கட்டுன பெறகுதானே? அதுக்கு மேல நிப்பாட்ட முடியாதுன்னு விட்டுட்டீங்க. அப்படித்தானே?

காளிமுத்து: கட்டிக்கிட்டு இருக்கையில. நான்தான் ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பேசி முடிச்சு, போன சட்டப் பையில போட்டுட்டு... "இன்னுங் கொஞ்சம் ஒசத்திக் கட்டுங்கடா, ரோட்டுல போற பஸ்ஸுக்கெல்லாம் தெரியட்டும்"னு சொன்னேம்மா.