துளை படாத பருத்திக் காய்கள்

பென்சிலை எப்போதும் கத்தியால் சீவித்தான் எனக்குப் பழக்கம். உங்கள் ஏட்டு அந்தக் கத்தியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். விதி அப்படி என்றால் சரி. அவர் கொடுத்த பேனாவில் எழுதுகிறேன், இன்ஸ்பெக்டர் சார். வாயால் சொன்னால் நடுவில் யாராவது குறுக்கே பேசுவார்கள். எனக்கு அது ஆகாது. எழுதினால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கலாம்.

என் பெயர் திருமூர்த்தி. வயது ஐம்பத்து நான்கு. கணபதியில் வீடு, வீட்டு மாடியிலேயே அலுவலகம். இரும்பு வேலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். முப்பது வருடமாகக் கோயமுத்தூரில் புதுவீடு கட்டுகிறவர்களின் வாசல் கேட்டுக்கு மயில் வரைந்துகொண்டிருந்தேன். மயில் வேண்டாம் என்பவர் அன்னம் கேட்பார். அதுவும் வேண்டாம் என்பவர் தன் பெயரின் முதல் எழுத்தை நடுவில் பெரிதாக வைக்கச் சொல்வார். ஒருவர் மயிலுக்குக் கழுத்து பத்தவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். கடைசியில் அது கொக்காகிவிட்டது. அவருக்குப் பரம திருப்தி. போத்தனூர் வேலை என்னிடம் வந்தபோது நான் எந்த அளவுக்குச் சலித்துப்போயிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

போத்தனூர் மாளிகையை நீங்களே போய்ப் பார்த்தீர்கள். பஞ்சாலை வைத்திருந்த சுந்தரராஜுலு நூறு வருடத்துக்கு முன் கட்டியது. அவருடைய பேரன் கோபாலசாமி அதைப் பழைய மாதிரியே புதுப்பித்துக் கல்யாணத்துக்கும் கண்காட்சிக்கும் விடப்போவதாகச் சொன்னார். மாடியில் முன்பக்கம் முழுவதும் பால்கனி. அதன் விளிம்பில் வார்ப்பிரும்புக் கிராதி, மொத்தம் ஒன்பது பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பருத்திச் செடி. கீழே இலைகள், நடுவே பூ, மேலே வெடித்த காய்கள் நான்கு. ஆறு பகுதிகள்தான் மிச்சம் இருந்தன. மூன்றை முன்பு குடியிருந்த யாரோ கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டார்கள். அந்த மூன்றையும் பழையதற்கு ஒத்தபடி வரைந்து, வார்த்து, பொருத்திக் கொடுப்பது என் பொறுப்பு.

முதல் மாதம் முழுக்கப் பெயிண்ட் சுரண்டினேன். பச்சை, அதற்குள் சாம்பல், அதற்குள் மறுபடி பச்சை என்று எட்டுப் பூச்சு. எல்லாம் போனபிறகுதான் செடி தெரிந்தது. மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து வடிவத்தை எடுத்தேன். இடப்பக்க இலையும் வலப்பக்க இலையும் ஒன்று போலிருக்கவில்லை. வரைந்தவன் காட்டில் நின்று செடியைப் பார்த்து வரைந்திருக்கிறான். நான் அவனுடைய ஒவ்வொரு கோணலையும் அளந்து எடுத்தேன். வார்த்த இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அதற்குத் தகுந்தபடி ஒவ்வொரு கோட்டையும் பெரிதாக்கி வரைந்தேன். கணபதியில் வார்ப்படப் பட்டறை வைத்திருக்கும் தனபால்தான் வார்த்துக் கொடுத்தார். மூன்றும் மாளிகைக்கு வந்து பழையவற்றோடு நின்ற அன்று, எது பழையது எது புதியது என்று கோபாலசாமியால் சொல்ல முடியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கிராதி இப்படியே நிற்க வேண்டும், யாரும் கை வைக்கக் கூடாது. அதற்குமேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

பிறகு மதிவதனி வந்தார். கட்டடத்தின் உறுதியைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டிய இன்ஜினியர். முப்பது வயது இருக்கும். டேப்பை எடுத்துக் கிராதியை அளந்தார். இரண்டேகால் அடி.

"ஏனுங்க சார், இது என் தொடை வரைக்கும்தானுங்க வருது. நாளைக்குக் கல்யாணக் கூட்டம் வந்து நின்னா என்னங்க பண்றது? மூணரை அடி வேணுமுங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். கிராதிக்குப் பின்னால் அரை அடி தள்ளித் தரையிலிருந்தே தனிக்கம்பிகள் நட்டுவிடலாம், பழைய இரும்பைத் தொடவே வேண்டாம் என்று அவர்தான் முதலில் யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கீழேயிருந்து பார்க்கிறவனுக்குச் செடிக்குப் பின்னால் ஜெயில் கம்பி தெரியும். கோபாலசாமியும் என் பக்கம் பேசினார். சரி என்று மதிவதனி இரண்டாவது வழிக்கு வந்தார். கிராதிக்கு மேலே பகுதிக்கு ஒரு குழாய், அதைத் தாங்கப் பின்பக்கம் பட்டைகள், பட்டைகளைக் கிராதியோடு சேர்த்து போல்ட். பகுதிக்கு நான்கு போல்ட். இரும்பு தடிமனாக இருப்பது காய்களில்தான் என்பதால் துளை போடவேண்டிய இடமும் அதுதான்.

"பெயிண்ட் அடிச்சுட்டா தெரியாதுங்க சார்."

"எனக்குத் தெரியுமுங்க அம்மணி" என்றேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மாதம் சுரண்டி எடுத்த காயின் நட்டநடுவே துளை போடு என்கிறவரிடம் என்ன பேசுவது? கொக்கி வைத்து ஒரு வரைபடம் கொடுத்தேன், திருப்பி அனுப்பினார். கவ்வி வைத்துக் கொடுத்தேன், திருப்பி அனுப்பினார். ஐந்தாவது திருத்தத்தில் பட்டைகள் கிராதியின் மேல்விளிம்பில் சும்மா உட்கார்ந்திருக்கும்படி வரைந்தேன். "இது தாங்காதுங்க சார்" என்று அதன்மேல் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். நான் சொல்வதை யாருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற ஆற்றாமை இருக்கிறதே, அது மயில் கழுத்து நீட்டியதைவிட மோசம். ஆறாவது திருத்தத்தில் அவர் கேட்டபடி முப்பத்தாறு போல்ட்டுகளையும் வரைந்தேன். கையெழுத்துப் போட்டார். "ரொம்ப நன்றிங்க சார், உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு தெரியுமுங்க" என்று வேறு சொன்னார்.

தனபாலிடம் நான் கொடுத்தது ஐந்தாவது திருத்தம்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்ணா, பட்டை சும்மாதான உக்காருது. போல்ட்டு போட வேண்டாமுங்களா?"

"அத சைட்டுல நான் பாத்துக்கறேன் தனபாலு."

"அப்பச் சரிங்ணா."

பதினெட்டு வருடப் பழக்கம். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவருடைய ஆட்களே வந்து பட்டைகளையும் குழாய்களையும் ஏற்றி வைத்துவிட்டுப் போனார்கள்.

கிழக்கு ஓரத்தில் முதல் பகுதி ஒன்று தூணுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அதில் மட்டும் துளையிட்டு, உண்மையான போல்ட்டே போட்டேன். மதிவதனி சோதிக்க வந்தபோது, "ஓரத்துல இருந்தே ஆரம்பிச்சுரலாமுங்க அம்மணி" என்று அந்தப் பகுதியைக் காட்டினேன். அவர் ஆளைவிட்டுக் குழாயில் கயிறு கட்டி வெளிப்பக்கமாக இழுக்கச் சொன்னார். கயிற்றில் சிமெண்ட் மூட்டைகள் தொங்கின. அரை மணி நேரம் நின்று பார்த்தார். குழாய் நூலளவும் அசையவில்லை. மற்ற எட்டுக்கும் இதே மாதிரி போல்ட் போட்டுவிடுகிறேன் என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் யாரும் இல்லை. பகல் முழுக்க நான் தனியாக வேலை செய்தேன். முப்பத்திரண்டு போல்ட்டுகளின் தலையை மட்டும் அறுத்து எடுத்து, எட்டுப் பகுதிகளிலும் பின்பக்கம் பட்டைமேல் அவை இருக்கவேண்டிய இடத்தில் பசை வைத்து ஒட்டினேன். பட்டைகளையும் கிராதியோடு அதே பசையால் ஒட்டிப் பெயிண்ட் அடித்தேன். ஒவ்வொரு தலையையும் ஒரே பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தேன். பொய்யான வேலை என்றாலும் கோணலாகச் செய்ய எனக்கு வராது. அந்த எட்டில் ஒரு காயிலும் துளை இல்லை. சாயங்காலம் கீழே தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது நெஞ்சு நிறைந்திருந்தது.

நான் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. மாளிகையின் திறப்பு விழா முடிந்து போட்டோ எல்லாம் எடுத்தபிறகு, குழாயே வேண்டாம் என்று கோபாலசாமியிடம் மெல்லப் பேசிக் கழற்றிவிடலாம் என்றிருந்தேன். ஒட்டியதுதானே, தடம் இல்லாமல் வந்துவிடும்.

வியாழக்கிழமை காலை கோபாலசாமி பார்க்க வந்தார். பால்கனியில் அவரும் மதிவதனியும் நானும் மட்டும்தான் இருந்தோம். அவர் இலைகளைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இந்தக் குழாய்தான் அம்மணி கண்ண உறுத்துது. நெசமாலுமே இது வேணுமா?" என்றார். என் மனதில் இருந்ததை அவர் வாயால் கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுவார் போலிருந்தது.

"கண்டிப்பா வேணுமுங்க சார். ஒரு ஆளு சாஞ்சாலும் தாங்குமுங்க, இப்பப் பாருங்க" என்றார் மதிவதனி. கையிலிருந்த ஃபைலை என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். குழாயில் தூசு இருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்தார். திரும்பி நின்றார். அது நடுப்பகுதி, ஐந்தாவது.

எனக்கு நேரம் இருந்தது. தூசு துடைக்கிற நேரம் போதும், வேண்டாம் அம்மணி என்று சொல்ல. சொன்னால் ஏன் என்று கேட்பார். அடுத்த நாளே துளைபோடும் மெஷின் வந்துவிடும். பசை தாங்கிவிடும் என்று நினைத்தேன். இல்லை, நினைத்தேன் என்று எழுதுவது சரியாகாது. பக்கவாட்டுப் பாரத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. நான் படித்திருந்தேன்.

இரண்டு முழங்கைகளையும் பின்னால் ஊன்றிச் சாய்ந்தார். குழாயோடு போய்விட்டார். பதினெட்டு அடி, கீழே கல்படி.

கோபாலசாமி கத்திக்கொண்டே கீழே ஓடினார். நான் முதலில் ஐந்தாவது பகுதியைக் குனிந்து பார்த்தேன். நான்கு காய்களும் அப்படியே இருந்தன. ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகுதான் இறங்கினேன்.

ஒரு திருத்தம் முடிவானதும் பழைய தாளைப் பட்டறையிலிருந்து திருப்பி வாங்கிக் கிழித்துப்போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். இரண்டு தாள் ஒரே இடத்தில் கிடந்தால் ஆட்கள் தப்பான அளவை எடுத்துவிடுவார்கள். அன்று மத்தியானம் தனபாலின் பட்டறைக்குப் போனேன். விஷயம் அவருக்கு இன்னும் எட்டவில்லை. "பழசக் குடுத்துரு தனபாலு, இதுதான் கடைசி" என்று ஆறாவது திருத்தத்தை நீட்டினேன். அவர் வார்ப்புக்கு மண் பிசைந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த தாளை எடுத்துக் கொடுத்து, புதியதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அதே ஆணியில் மாட்டினார். அவர் மனைவி கீதா, "அண்ணா, காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார். குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் நீங்கள் போய் எடுத்தது அந்தத் தாளைத்தான். போல்ட் போடச் சொல்லியும் போடாமல் தலையை ஒட்டி ஏமாற்றினார் என்று அவரைக் கூட்டிப்போனீர்கள். நான் போல்ட் போடுவதாகச் சொல்லியிருந்தேன் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மை.

மதிவதனி மூன்றாம் நாள் இறந்துபோனார். ஆஸ்பத்திரிக்குப் போய் அவருடைய ஃபைலை அவர் அம்மா சின்னத்தாயியிடம் கொடுத்தேன். "எம்புள்ள எதையும் ரெண்டு தடவ பாக்காம உடாதுங்க சார்" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குழாய் இல்லாதிருந்தால் அவர் அங்கே சாய்ந்தே இருக்க மாட்டார். அது வேண்டாம் என்று முதல் நாளிலிருந்து சொல்லி வந்தவன் நான் ஒருவன்தான்.

தனபால் உள்ளே போய் இருபத்திரண்டு நாளாகிறது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். வரவேண்டும் என்று தோன்றவில்லை. நேற்று மத்தியானம் கோபாலசாமி போன் செய்தார்.

"பழைய இரும்புங்க திருமூர்த்தி, மக்கிப்போச்சு. ராசியும் இல்ல. மொத்தத்தையும் எறக்கிப்போட்டு எவர்சில்வர் கம்பி வெக்கச் சொல்லிப்போட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு ஆளுங்க வாராங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. இரும்பு மக்கவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. இந்த ஊரில் எதைச் சொன்னாலும் இதே கதைதான்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். மதிவதனியின் சாவுக்குக் காரணம் நான். போல்ட் தலைகளை ஒட்டியது நான், தாளை மாற்றியது நான், சாயப்போகிறார் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றது நான். கிராதியின்மேல் எந்தத் தப்பும் கிடையாது. இப்போது மணி ஒன்பது இருபது. தனபாலை விடுவதற்குக் கோர்ட்டு, கையெழுத்து என்று எப்படியும் இரண்டு நாள் ஆகும், அது மெதுவாக நடக்கட்டும். முதலில் போத்தனூருக்கு ஒரு போன் போடுங்கள் சார், இறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.