புல்லில் அசைந்த பந்து

பன்னீர் திராட்சைக்குக் கவாத்து வெட்டும்போது கை நடுங்கக் கூடாது. பயந்து பயந்து வெட்டினால் வெட்டுவாய் பிளந்து கொடி அழுகிவிடும். சுருளிப்பட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும், இந்தச் சண்முகராஜ் கைபட்ட பந்தல் பட்டுப்போனதில்லை என்பார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நதியாவுக்கு நடந்ததைக் 'கை தவறிவிட்டது' என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். இன்ஸ்பெக்டர் அய்யா, என் கை தவறவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நதியா என் தம்பி மகள். அவள் பிறப்பதற்கு முன்பே தம்பி விஜயகுமார் எல்லையில் இறந்துவிட்டான். அவன் சவப்பெட்டியின் மேல் போர்த்தி வந்த தேசியக் கொடி எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆகஸ்ட் பதினைந்துக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றுவது எங்கள் வீட்டு ஆள்தான். அது யாரும் கேள்வி கேட்காத வழக்கம்.

தம்பி மனைவி முத்துப்பேச்சிக்கு வெலிங்டனில், ராணுவக் குடியிருப்பில் வேலை கொடுத்தார்கள். அங்கே கோல்ஃப் மைதானத்தில் பந்து பொறுக்கப் போன பிள்ளை, மட்டையைப் பிடிக்கப் பழகி, கடைசியில் அதையே தொழிலாக்கிக்கொண்டாள். வெளிநாட்டுக்காரிகளோடு ஆடினாள். ஸ்கோர் பலகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் நம் கொடி வரும். நான் அதைத்தான் பார்ப்பேன். விடுமுறைக்கு வந்தபோது ஒருமுறை என் கைத்தடியை வாங்கி, மட்டையை எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். இடது கையின் கடைசி மூன்று விரல்களில்தான் பிடியே இருக்கிறது, அது போனால் ஆட்டம் போச்சு என்றாள். பெருமையோடு கேட்டுக்கொண்டேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம்.

எனக்கு அந்த ஆட்டத்தின் சட்டம் தெரியாது. தெரிந்தது மாட்டுவண்டிப் பந்தயம். பல வருஷம் கமிட்டியில் இருந்தவன். நம் ஊர் வண்டி எதிர் வண்டியை உரசினால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது எதிராளி. அவன் பார்க்கவில்லை என்றால் உரசவில்லை, அவ்வளவுதான். நம் ஊர்க்காரனே இறங்கிப்போய் 'உரசிட்டேன்' என்று சொல்வானென்றால், அவன் திரும்பி வர ஊர் இருக்காது.

பெங்களூருப் போட்டியின் கடைசி நாள், சமுதாயக் கூடத்தில் பெரிய திரை கட்டச் சொன்னேன். ஊரே வந்தது. கடைசிக் குழி. நதியாவும் பிம் என்ற தாய்லாந்துப் பெண்ணும் சரிசமமாக நின்றார்கள். நதியாவின் பந்து உயரமான புல்லுக்குள் கிடந்தது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள். பிறகு நிமிர்ந்து, கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. டிவியில் வர்ணனை பேசுகிறவர்தான் விளக்கினார்: மட்டை பட்டுப் பந்து இம்மி அசைந்ததாம். எந்தக் கேமராவிலும் அது விழவில்லை. அவளே சொன்னாளாம். அதற்குத் தண்டனையாக ஓர் அடி கூட்டிவிட்டார்கள். குறைந்த அடியில் முடிப்பவர்தான் ஜெயிப்பார். அந்த ஓர் அடியில் கோப்பை போனது. பலகையில் தாய்லாந்துக் கொடி மேலே ஏறியது, நம் கொடி கீழே இறங்கியது. அந்தப் பெண் நதியாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். நதியா சிரித்தாள்.

பின்வரிசையிலிருந்து பாண்டியராஜன் எழுந்தான். பந்தயத்தில் என் வண்டியிடம் காலமெல்லாம் தோற்றவன்.

"என்ன மாமா, நம்ம பிள்ள தாய்லாந்துக்குல்ல ஆடுது? மாப்பிள்ளையும் அங்கனயே பாத்துட்டீகளா?"

கூடமே சிரித்தது. என் வீட்டுத் தீபாவளிப் பலகாரம் தின்றவர்களும் சிரித்தார்கள். நான் யாரையும் ஏசவில்லை. திரையை அவிழ்க்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கூடத்துக்குள் நுழைந்தபோது கண்ணாடிப் பெட்டியை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

கவாத்து நேரத்தில் அவள் ஊருக்கு வந்தாள். பந்தலுக்கு அடியில் நிறுத்தி, சாந்தமாகத்தான் கேட்டேன்.

"பந்து அசஞ்சத யாராச்சும் பாத்தாகளா தாயி?"

"யாரும் பாக்கல பெரியப்பா."

"அந்த தாய்லாந்துப் பிள்ள?"

"அதுவும் பாக்கல. நான் பாத்தேன்ல?"

"பேசாம இருந்திருக்கலாம்ல?"

"பேசாம இருந்தா அதுவும் பொய்தான் பெரியப்பா. எங்க ஆட்டத்துல நமக்கு நாமதான் அம்பயர்."

"எதுக்க நின்னவ அந்நியக்காரி ஆத்தா. நீ நம்ம கொடிக்குல்ல ஆடப் போன?"

"கொடிக்குத்தான் ஆடுனேன். திருடிக் குடுத்தா கொடிக்குப் பெருமையா? அப்பா இருந்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாக."

செத்துப்போன என் தம்பியை அவள் பக்கம் சேர்த்துக்கொண்டாள். பிறகு, ஏதோ பண்டிகைச் செய்தி போல, அடுத்த மாதம் பிம்மோடு ஜோடி சேர்ந்து ஒரு போட்டி ஆடப் போவதாகச் சொன்னாள். இரண்டு நாடும் ஒரே அணியாம். சிரித்தபடி என் தோளில் விழுந்த சருகைத் தட்டிவிட்டாள்.

அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது. முடிவெடுத்துவிட்டால் எனக்கு எப்போதும் தூக்கம் வரும்.

மறுநாள் காலை அரிவாளைத் தீட்டினேன். வேலையாட்களை டீ குடிக்க அனுப்பினேன். டிரைவர் வீரபாண்டியிடம் காரைத் தோட்டத்து வாசலில் திருப்பி நிறுத்தச் சொன்னேன். வெள்ளைத் துண்டு ஒன்றைத் துவைத்து எடுத்துக்கொண்டேன். ஆத்திரத்தில் செய்கிறவன் துண்டு எடுத்துப் போவானா, நீங்களே சொல்லுங்கள்.

"இந்தக் காஞ்ச கொடியக் கல்லுத்தூணோட சேத்து இறுக்கிப் புடி தாயி."

"எந்தக் கையால பெரியப்பா?"

"இடது கையால."

பிடித்தாள். ஒரே வெட்டு. மூன்று விரல்களும் கொடித் துண்டோடு மண்ணில் விழுந்தன. அவள் கத்தவில்லை. கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கையைப் பார்த்தாள். ரத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தபோது தூணெல்லாம் வழிந்தது. துண்டை இறுக்கிக் கட்டினேன். அவள் கண் செருகி என் நெஞ்சில் சாய்ந்தாள். சின்னப் பிள்ளையில் சுருளி அருவியிலிருந்து தூக்கி வந்த மாதிரியே தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தேன். கனமே இல்லை.

மதுரையில் டாக்டர் விரல்களைக் கேட்டார். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தால் தைத்திருக்கலாமாம். நான் பேசாமல் நின்றேன். அவளைத் தூக்குவதற்கு முன்பே அவற்றைக் கொடி மூட்டுக்குத் தள்ளி, காலால் மண் மூடி மிதித்திருந்தேன். டாக்டரிடம் நான் பொய் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது பொய்யாகாது.

அந்தத் தாய்லாந்துப் பெண் விமானம் ஏறி வந்தாள். என்னைக் கண்டதும் கைகூப்பிக் குனிந்து வணங்கினாள். பிறகு நதியாவின் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதபடி உட்கார்ந்திருந்தாள். எங்கள் சொந்தத்தில் ஒருவரும் அப்படி உட்காரவில்லை. அவர்கள் என்னிடம் வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

நீங்கள் விசாரிக்க வந்தபோது நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். எப்படி நடந்தது, யார் வெட்டியது என்று கேட்டீர்கள். அவள் உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே சொன்னாள்.

"யாரும் பாக்கல சார்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓர் அடிக்காக நாட்டையே விட்டுக்கொடுத்தவள், குடும்பத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தண்டனை வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவள் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடவில்லை. மருந்து மயக்கமாக இருக்கும். நான் தண்ணீர் கொடுத்தால் முத்துப்பேச்சி வரட்டும் என்று வாயை மூடிக்கொள்கிறாள். அதுவும் வலியாக இருக்கும்.

நீங்கள் விபத்து என்று எழுதி வழக்கை முடித்துவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளாகத் தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் 'யாரும் பாக்கல' என்று அவள் குரல் கேட்கிறது. எழுந்து கூடத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வெட்டியது நான். திட்டமிட்டு வெட்டினேன். விரல்கள் கிழக்குப் பந்தலில், மூலைத்தூணுக்கு அடுத்த கொடி மூட்டில் கிடக்கின்றன. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

யாரும் பார்க்காததை நானே வந்து சொல்கிறேன். இதை அவளிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.