கடிகார வைத்தியம்

— கேக்கலை டீச்சர். மூணு தடவை பாத்தாச்சு, வைத்தியம் கேக்கலை. பெறகும் வந்து கதவைத் தட்டுனா நாங்க என்ன செய்ய?

— வைத்தியமா? சின்னத்தாயக்கா, என்னை அடையாளம் தெரியுதுல்ல? நான் இசைவாணி. வாசிக்கத் திணறுற பிள்ளைகளுக்கு எந்தப் பயிற்சி பலன் தருதுன்னு ஆராய்ச்சி பண்ண மதுரைக் காலேஜ்ல இருந்து வந்தோமே.

— தெரியாம என்ன? கழுத்துல கடிகாரத்தைத் தொங்கவிட்டு வருவீகளே, அந்த டீச்சர்தான. உக்காருங்க. அங்கன வேணாம், வெடிக் குழாய்ல பசை காயலை. இங்கன தள்ளி உக்காருங்க.

— பொன்மணி எங்கே?

— பாலம்மாள் கொட்டகையில வெடிக்குக் குழாய் உருட்டுதா. அம்புட்டுப் பேருல அவ கைதான் வேகம். எழுத்துதான் அவளைக் கண்டா ஓடும், குழாய் ஓடாது. திங்கக்கெழமையில இருந்து அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி வேன்ல ஏறிருவா.

— பதிமூணு வயசுப் பிள்ளையை எப்படிக்கா உள்ளே விடுவாங்க?

— பதினெட்டுன்னு சொன்னா பதினெட்டு. ஆபீசர் ஜீப்பு வந்தா ஓடுறதுக்குப் பின்வாசல் இருக்கு. நீங்க அதை விசாரிக்கவா வந்தீக?

— இல்லக்கா. ஆராய்ச்சி முடியப் போகுது. பாதியில நின்ன பிள்ளைகளுக்காகத் திங்கட்கிழமை கடைசியா ஒரு வகுப்புத் தொடங்குறோம். பொன்மணிக்கு அதுல ஒரு இடம் வச்சிருக்கேன். அவ ஏன் நின்னுட்டாங்கிற காரணத்தையும் நான் எழுதிக் கொடுக்கணும்.

— ஆத்தி! யாரு நின்னது? எம்மக ஒரு நாள் நிக்கலை. ஆடியில பள்ளிக்கூடத்துலயே பாத்துட்டீக. ஐப்பசியிலயும் பங்குனியிலயும் நானே கூட்டியாந்தேன். ஐப்பசின்னா சீசன், ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. போர்மேன் நாகையா வாயில வராத வார்த்தையெல்லாம் வாங்கிக்கிட்டு லீவு போட்டேன். தலைக்கு ஊத்தி, வெறும் வயித்தோட கூட்டியாந்தேன்.

— வெறும் வயித்தோடயா? ஏன்?

— நல்லாக் கேட்டீக. நீங்கதான அப்படி எழுதி விட்டிருந்தீக? சாத்தூர் ஆசுபத்திரியில ரத்தம் எடுக்கவும் அப்படித்தான் வரச் சொல்லுவாக.

— நாங்க அப்படி எழுதவே இல்லையே... ஐப்பசியில அவ பாதியிலேயே மேசை மேல தலையைச் சாய்ச்சா. கவனம் போதாதுன்னு எழுதி வச்சேன்.

— பசி டீச்சர். முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டது.

— அக்கா, கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. ஒரு குடியானவன் கிணறு வெட்டுனான். நாலடி தோண்டுனதும் மண்வெட்டியைப் போட்டுட்டு, வாரம் ஒருக்கா கயிறு விட்டு ஆழம் பாத்தானாம். ஒரு வருசம் பாத்துட்டு, இந்தக் கிணத்துல தண்ணி ஊறாதுன்னு மூடிட்டானாம். நான் கடிகாரத்தை வச்சுக்கிட்டு அவளைப் படிக்கச் சொன்னது கயிறு விட்டுப் பாக்குறது. அது வைத்தியம் இல்லை. அளவு.

— அளவா? மூணு தடவையும் வெறும் அளவா?

— ஆமாக்கா.

— கெணத்துக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். கயித்தை விட்டா சும்மா கெடக்கும். எம்மகளுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து சோத்தைத் தொடமாட்டா. 'இந்தத் தடவையும் எனக்கு வரலைம்மா'ன்னு மூலையில கெடப்பா. பங்குனியோட அவ அப்பன் சொல்லிட்டாரு, மதுரை டாக்டருக்கே கேக்காத சீக்கு, இனி எதுக்குப் பள்ளிக்கூடம்னு. அவளும் சரின்னுட்டா. பையைக் கழுவி ஆணியில மாட்டிட்டா.

— இது சீக்கு இல்லக்கா. எழுத்தையும் ஓசையையும் சேத்துப் பிடிக்க அவளுக்கு வேற வழியில சொல்லிக் கொடுக்கணும். அந்தப் பயிற்சிதான் சமுதாயக் கூடத்துல நடந்துச்சு. சோலைச்சாமி சார் நடத்துனாரு. மணல்ல எழுதி, கை தட்டி...

— மண்ணுலயா? பாலம்மாள் மகன் பாண்டி போனானே, அந்த வெளையாட்டா?

— அதுதான்கா பயிற்சி.

— அந்தப் பய இப்ப பஸ்ஸு போர்டெல்லாம் படிக்கான்.

— ஆமா.

— எம்மக எட்ட நின்னு பாத்துட்டு வருவா. ஒரு நாளு 'நானும் போகவாம்மா'ன்னா. 'ஒனக்குத்தான் காலேஜு வைத்தியம் நடக்குல்ல, மண்ணுல வெளையாட நீ என்ன கைப்பிள்ளையாடி'ன்னு முதுகுல ஒண்ணு வச்சேன். சரி, அதை விடுங்க. பாண்டியைக் கூப்பிட்டீக, எம்மகளை ஏன் கூப்பிடலை? அவன் என்ன ஒசத்தி?

— கூப்பிட்டோம்கா. நாப்பது பிள்ளைகள் பேரைக் குலுக்கிப் போட்டு, முதல்ல பயிற்சிக்கு இருபது பேரை எடுத்தோம். பொன்மணி பேரும் அதுல வந்துச்சு.

— வந்துச்சா?

— வந்துச்சு. பத்து நாள் அவ வரலை. வராத பிள்ளை பேரைப் பயிற்சியில இருந்து அடிச்சிட்டு, அளவு மட்டும் எடுக்கணும்கிறது எங்க விதி. அடிச்சிட்டோம்.

— கூடத்துல இருந்து நாலு தெரு தள்ளி இருக்கிற வீடு. ஒரு எட்டு வந்து கேக்கத் தோணலையா டீச்சர்?

— தோணலைக்கா. கடிதம் கொடுத்திருக்கோம், விருப்பம் இருந்தா அனுப்புவாங்கன்னு இருந்துட்டேன். தப்புதான்.

— கடுதாசியில பயிற்சின்னு ஒரு வார்த்தை இல்லையே. நான் என்ன பொய்யா சொல்லுதேன்? இருங்க, மாரியம்மன் படத்துக்குப் பின்னாலதான் சொருகி வச்சிருக்கேன். இந்தாங்க. மஞ்ச தடவி வச்ச கடுதாசி. நீங்களே படிங்க.

— 'தங்கள் மகள் செல்வி பொன்மணி வாசிப்புப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளார். ஆறு மாதங்களுக்கு, நாள்தோறும் மாலை நான்கு மணிக்குச் சமுதாயக் கூடத்திற்கு அவரைத் தவறாமல் அனுப்பி வைக்கவும்.'

— இல்ல டீச்சர். தப்பாப் படிக்கீக.

— இதுதான்கா இதுல இருக்கு.

— ஐப்பசியில ஒரு நாளு, பங்குனியில ஒரு நாளு, தலைக்கு ஊத்தி, வெறும் வயித்தோட அம்மாவைக் கூட்டிக்கிட்டு வரணும். அம்புட்டுத்தான் அதுல இருந்துச்சு. எனக்கு மனப்பாடம்.

— அதெல்லாம் இதுல இல்லவே இல்லக்கா. ஐப்பசியிலயும் பங்குனியிலயும் மறுபடி பாப்போம்னு பிள்ளைகள்கிட்ட வாயாலதான் சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலம் இந்தக் கடிதத்தை ஒவ்வொரு பிள்ளை கையிலயும் நானே கொடுத்தேன்... உங்களுக்கு இதை யாருக்கா படிச்சுச் சொன்னாங்க?

— நானும் அவ அப்பனும் கைநாட்டு. வேற யாரு படிப்பா? எம்மக பொன்மணிதான். அந்தா, அந்த வாசல் நெலையில சாஞ்சு நின்னுக்கிட்டு, ஒரு எடத்துல திக்காம, மூச்சு விடாம, மடமடன்னு படிச்சா டீச்சர். அவ அப்பன் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வைத்தியம் கேக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அன்னைக்கே மாரியம்மனுக்கு வெளக்குப் போட்டேன்.