பச்சமலைக்குப் போன தேங்காய்

திருச்சியிலிருந்து உப்பிலியபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கான்வாஸ் ஷூ போட்ட இரண்டு குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஒரு மஞ்சள் பை, அதில் ஒரு தேங்காய்.

“காட்டுல நடக்கப் போறதுக்குத் தேங்காய் எதுக்கு சார்?” என்றார் மற்றவர்.

“பச்சமலை ரிசர்வ் காட்டை நடந்து பாக்கணும், லீவு வேணும்னு கேட்டேன். மேனேஜர் எந்தக் கோயிலுன்னார். கோயில் இல்லைங்க, மரம்தான்னேன். சாமி இல்லாத மலையை எவனாவது ஏறுவானா, உண்மையைச் சொல்லும்னு லெட்டரைத் திருப்பிக் குடுத்துட்டார்.”

“அப்புறம்?”

“உச்சியில ஒரு அம்மன் இருக்குன்னேன். உடனே கையெழுத்துப் போட்டார். சாயங்காலமே அவர் வீட்டுலேருந்து தேங்காய் வந்துடுச்சு. பொண்ணுக்கு வரன் அமையலையாம். அர்ச்சனை பண்ணி குங்குமம் கொண்டு வரணுமாம்.”

“குங்குமத்துக்கு எங்க போவீங்க?”

“திருவானைக்காவல்ல நேத்தே வாங்கிட்டேன். இப்ப கவலை அது இல்லை. கல்யாணம் கூடி வந்தா, குடும்பத்தோட மலையேறி வரதா வேண்டிக்கிட்டிருக்கார்.”

எதிர்ப்பக்கம் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். “இதையும் வச்சிடுங்க. என் பையனுக்கு முப்பது ஆகுது.”

“அந்த அம்மனே இல்லைங்கம்மா.”

“மேனேஜர் வீட்டுக்கு மட்டும் இருக்காளா?”

ஜன்னலோரம் இருந்தவர் பழத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“பையனுக்கு என்ன நட்சத்திரம்?”