மேடைக்கு ஒரு மீண்டவன்

அந்த மின்விசிறியை நிறுத்திவிட்டால் நல்லது, மேடம். பதிவில் இரைச்சல் விழும். ஃபோனையும் வெறும் மேசைமேல் வைக்காதீர்கள், யாராவது விரலால் தட்டினால்கூட இடி மாதிரி கேட்கும். இந்தத் துண்டை மடித்துக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். வாலிப வயதிலிருந்தே மைக்கோடு பழகியவன் சொல்கிறேன். எழுதுகிற தமிழிலேயே பேசிவிடுகிறேன், தட்டச்சு செய்கிறவருக்கு வேலை மிச்சம்.

என் பெயர் தேவபிரசாதம். ஊர் நாசரேத். தூத்துக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். பள்ளிகளுக்குப் போய்ப் போதை ஒழிப்பு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிற குழுவுக்கு ஒருங்கிணைப்பாளரும் நான்தான். செந்தூர்வேலின் அம்மா சண்முகத்தாய் என்மேல் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அந்த அம்மாள் பொய் சொல்ல மாட்டார். நான் எதையும் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஏன் செய்தேன் என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டதும் வந்தேன்.

நீங்கள் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறீர்களா? பந்தோபஸ்துக்கு வந்து வாசலில் நின்றதைக் கேட்கவில்லை. பேரணி போவோம், பதாகை பிடிப்போம், உறுதிமொழி எடுப்போம். பிள்ளைகள் வலது கையை நீட்டிக்கொண்டு இடது கையால் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவார்கள். மெத்தம்பெட்டமைன், தெருவில் ஐஸ் என்பார்கள், அந்தச் சொல் பாதிப் பேர் வாய்க்குள் நுழைவதற்குள் உறுதிமொழி முடிந்திருக்கும். மண்டையோடு போட்ட சுவரொட்டிக்கு மீசை வரைவார்கள். அந்தப் பொருள் பார்க்க எப்படி இருக்கும் என்று காட்ட, ஒருமுறை உப்பளத்துக் கல்லுப்பைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொண்டுபோனேன். முன்வரிசைப் பையன் எழுந்து, "சார், இது எங்க அம்மா அள்ளுத உப்புல்லா" என்றான். ஒரு மருத்துவர் வந்து மூளைப் படமெல்லாம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினார். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றதும் ஒருவன் கேட்டான்: "சார், அது எங்கன கெடைக்கும்?" அந்த மருத்துவர் பிறகு வரவே இல்லை.

சிரிக்காதீர்கள், மேடம். எனக்கு அது வயிற்றெரிச்சல். இது துறைமுக ஊர், கடல் வழியாக என்ன வருகிறது என்ன போகிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். என் வகுப்பிலேயே இரண்டு பையன்கள் தூங்காத கண்ணோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் பரீட்சைக்கே வரவில்லை. நான் பேசினேன், யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

யார் பேசினால் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர்த் திருச்சபையின் கன்வென்ஷன் கூட்டப் பந்தலில் வளர்ந்தவன் நான். பிரசங்கியார் பேசும்போது பாதிக் கூட்டம் கடலை கொறிக்கும். சாட்சி சொல்ல ஒருவர் மேடையேறினால் போதும், கடலைப் பொட்டலம் மடியில் இறங்கிவிடும். 'நான் மகா குடிகாரனாக இருந்தேன், பெற்ற தாயை மிதித்தேன், இன்று மீண்டு நிற்கிறேன்' என்று அவர் தொடங்குவார். பாவம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அமைதி. நான் உபதேசியாரின் மகன். வேதவசனப் போட்டியில் முதல் பரிசு, வருகையில் முதல் பரிசு. ஒரு வருடம்கூட என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டதில்லை. சொல்வதற்கு என்னிடம் என்ன இருந்தது? வரவேற்புரைக்குக் கூப்பிடுவார்கள்.

ஆகவே, மீண்டவன் ஒருவன் தேவைப்பட்டான். மறுவாழ்வு மையத்துக்குப் போய்த் தேடினேன். உண்மையாக மீண்டவர்களுக்கு மேடை ஒத்துவரவில்லை. ஒருவர் மைக்கைப் பிடித்து, "எல்லாம் போச்சு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர்களைக் குறை சொல்லவில்லை. அனுபவம் இருந்தது, தயாரிப்பு இல்லை.

செந்தூர்வேலுக்கு அது நேர்மாறு. ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். அப்பா இல்லை, அம்மா மட்டும். பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். எங்கள் வீதி நாடகத்தில் குடிகாரன் வேஷம் கட்டுவான். கட்டினால் நாய்கூட ஒதுங்கிப் போகும். அவனிடம் கேட்டேன்.

"சார், எனக்கு பீடி வாசனையே ஆகாது. நான் போயி ஐஸ் அடிச்சேம்னு சொன்னா யார் நம்புவா?" என்றான்.

"ஏலே, குடிகாரனா நடிக்கும்போது நம்புதாவள்லா? அதே நடிப்புதாம்டே. நாலு பிள்ளைய பொழைக்கும்" என்றேன்.

நாலு பிள்ளைகள் பிழைக்கும் என்றதும் ஒப்புக்கொண்டான். அதுதான் அவனுடைய பலவீனம்.

நானே எழுதிக் கொடுத்தேன். கையைச் சொறிவது, கண் ஓரிடத்தில் நிற்காதது எல்லாம் துண்டுப் பிரசுரத்தில் இருந்தது. பல் மட்டும்தான் இடைஞ்சல். அவனுக்கு முல்லை அரும்பு மாதிரி பல். இந்தப் பழக்கம் முதலில் பல்லைத்தான் தின்னும், முன்வரிசையில் கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால் பிடித்துவிடும். உடன்குடிக் கருப்பட்டியைக் கெட்டியாகக் காய்ச்சி, மேடையேறுவதற்கு முன் பல்லில் தடவிவிட்டேன். கறுப்பும் பழுப்புமாக அருமையாகப் பிடித்தது. அவன் நக்கி நக்கித் தின்றுவிடுவான், அதுதான் தொந்தரவு.

முதல் கூட்டம் புதுக்கோட்டையில், நெல்லை ரோட்டில் இருக்கிற நம் புதுக்கோட்டை. அவன் பேசி முடித்தபோது ஒரு பிள்ளைகூட அசையவில்லை. கூட்டம் கலைந்ததும் ஜாஸ்லின் என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் அவனிடம் வந்து, "அண்ணே, எங்க அண்ணனும் ராத்திரி தூங்கவே மாட்டுக்கான். பல்லு உங்களுக்கு மாதிரியே இருக்கு" என்று அழுதாள். அந்த வாரமே அவள் அண்ணன் பெனிஸ்டனை மையத்தில் சேர்த்தோம். இதை அவசியம் பதிவு செய்துகொள்ளுங்கள். கருப்பட்டி பூசிய பொய் ஒரு நிஜப் பையனைக் காப்பாற்றியது. அதற்குமேல் நான் எப்படி நிறுத்துவேன்?

அப்புறம் பள்ளிக்குப் பள்ளி கூப்பிட்டார்கள். ஒரே கதையைச் சொன்னால் சலித்துப்போகும் என்று ஒவ்வொரு ஊருக்கும் கொஞ்சம் சேர்த்தேன். புதுக்கோட்டையில் தூக்கம்தான் போயிருந்தது. உடன்குடியில் அம்மாவின் கம்மலை விற்றான். பாஞ்சாலங்குறிச்சிக்கு வரும்போது அம்மாவை அடித்துவிட்டான். கட்டபொம்மன் கோட்டை இருக்கிற ஊர் அல்லவா, கொஞ்சம் ஆவேசம் வேண்டியிருந்தது. அதை யாரோ வீடியோ எடுத்து அனுப்ப, அது ஊர் ஊராகப் போய்க் கடைசியில் சண்முகத்தாயின் ஃபோனுக்கே வந்து சேர்ந்தது. மறுநாள் அந்த அம்மாள் பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"சார்வாள், எம் மவன் என்னைய அடிச்சாம்னு ஊர்ல பேசுதாவ. எப்ப சார் அடிச்சான்? கம்மல் எங் காதுலதான கெடக்கு?"

காதைத் தொட்டுக் காட்டினார். நான் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, பொதுநலம் என்றால் என்ன என்று விளக்கினேன். அந்த மாதம் நாசரேத்துக் கூட்டத்தில் அவரையும் மேடையேற்றிவிட்டேன். அவரைப் பேசச் சொல்லவில்லை, மகன் பக்கத்தில் நின்றால் போதும் என்றேன். மகன் சொல்வதைக் கேட்டு நிஜமாகவே அழுதார். கம்மலை மட்டும் கழற்றி என் பையில் வைத்திருந்தேன், இறங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சொந்த ஊர் அல்லவா, எனக்கும் கண் கலங்கியது.

செந்தூர்வேலுக்கு முத்துமணி என்ற பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். வீடியோவைப் பார்த்து அந்த வீட்டார் விலகிக்கொண்டார்கள். அதற்கு அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துறைமுகத்தில் சரக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் வேலைக்குத் தேர்வானபோதுதான் வந்து நின்றான்.

"சார், மேனேஜர் உங்களுக்கு போன் பண்ணுவாவ. நடந்ததச் சொல்லிருங்க சார். அது நாடகம்னு ஒரு வார்த்தை. அம்மைக்கு இந்த வேலய விட்டா வேற வழி கெடையாது."

சொல்கிறேன் என்றேன். சொல்வதாகத்தான் இருந்தேன். மேனேஜர் பேசினார்.

"சார்வாள், பையன் இப்ப எப்படி? சுத்தமா இருக்கானா?"

"இன்னைக்கு வரைக்கும் சுத்தமா இருக்கான், அண்ணாச்சி."

"அதென்ன இன்னைக்கு வரைக்கும்?"

"அதுக்கு மேல யாருக்கு யாரு உத்தரவாதம் சொல்ல முடியும்?"

இதில் ஒரு சொல் பொய் என்று காட்டுங்கள், மேடம். அந்த வேலையில் ஷிஃப்ட் உண்டு, சனிக்கிழமை லீவு கிடையாது. எங்கள் கூட்டங்கள் எல்லாம் சனிக்கிழமை. எத்தனையோ பள்ளிகள் காத்திருந்தன. ஒரு பையனின் வேலையா, ஒரு மாவட்டத்தின் பிள்ளைகளா என்று பார்த்தால் யாரும் என்னைப் போலத்தான் முடிவெடுப்பார்கள். வேலை வேறொருவனுக்குப் போனது.

ஜூன் மாதம் போதை ஒழிப்பு நாள் விழா. பெரிய மைதானம், ஊரிலுள்ள பள்ளியெல்லாம் வந்திருந்தது. கருப்பட்டியோடு போனபோது செந்தூர்வேல் வாயைத் திறக்க மறுத்துவிட்டான். "இன்னைக்கு உள்ளதச் சொல்லப் போறேன் சார்" என்றான். நான் தடுக்கவில்லை. வரிசைப்படி பெயர் வந்ததும் வெள்ளைப் பல்லோடு ஏறி, மைக்கைப் பிடித்து, "நான் இதத் தொட்டதே கெடையாது. எல்லாம் தேவபிரசாதம் சார் எழுதிக் குடுத்தது" என்றான்.

மைதானம் குழம்பியது. நான் பதறவில்லை. பக்கத்தில் போய் அவன் தோளில் கைபோட்டு மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"அன்புப் பிள்ளைகளே, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மீண்டவன் மறுபடி விழும்போது முதலில் சொல்வது இதைத்தான். நான் தொட்டதே இல்லை என்பான். நேசிக்கிறவர்கள்மேல் பழி போடுவான். கை நடுங்கும். கையைப் பாருங்கள்" என்றேன்.

எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. யாருக்கும் நடுங்கும். அவன் கத்தினான். கோபம் வரும் என்றும் பிரசுரத்தில் இருக்கிறது, அதையும் சொன்னேன். தொண்டர்கள் அவனைப் பிடித்து இறக்கினார்கள். சில பிள்ளைகள் அழுதார்கள். என் வாழ்க்கையில் நடத்திய கூட்டங்களிலேயே அதுதான் சிறந்தது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம், அதை ஏன் மறைக்க வேண்டும்?

மேடைக்குப் பின்னால் சண்முகத்தாய் என் காலில் விழுந்தார். "சார்வாள், முருகனுக்குத் தெரியும், எம் பிள்ளை ஒரு பாவமும் அறியாதவன். நீங்களே சொல்லிருங்க." நான் அவரை எழுப்பி நிறுத்தி அமைதியாகச் சொன்னேன்: "எல்லாம் நாடகம்னு இப்ப சொன்னா, அத்தன பள்ளிக்கூடத்தையும் ஏமாத்துன கேசு அவன் மேல வரும். கூட நின்னு அழுததுக்கு ஒங்க மேலயும் வரும். மையத்துல கொஞ்ச நாள் இருக்கட்டும். பேச்சு அடங்கிரும்." அப்படி ஒரு கேஸ் உண்டா என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் சம்மதித்தார். மையத்தில் அவன் இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும் அல்லவா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

இதுதான் உங்களுக்கு வேண்டியது என்று நினைக்கிறேன். தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். அவன் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவனை உள்ளே அனுப்பினேன்.

உள்ளே அவனுக்குப் பக்கத்துக் கட்டில் பெனிஸ்டன், ஜாஸ்லினின் அண்ணன். இவன் பேச்சால் உள்ளே வந்தவன், இவனையே அண்ணன் என்று கொண்டாடினான். இருவரும் சேர்ந்தாற்போல வெளியே வந்தார்கள். செந்தூர்வேலுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. ஊரில் வீட்டு நடைக்குள் விடக்கூட யோசித்தார்கள். பெனிஸ்டன் மறுபடி பழைய கூட்டாளிகளிடம் போனான், இவனையும் கூட்டிக்கொண்டான். கேள்விப்பட்டதும் நானே தேடிப் போனேன். உப்பளம் பக்கம் ஒரு பம்ப் செட்டு நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"ஏம்லே இப்படிப் பண்ணுன?" என்றேன்.

"பேரு ஏற்கனவே வாங்கியாச்சு சார். அத மட்டும் எதுக்கு மிச்சம் வைக்கணும்?" என்றான். குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் நெஞ்சு வலித்தது. நான் கல் இல்லை, மேடம்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். என்னைப் பொய்யன் என்று புகாரில் எழுதியிருக்கிறது. இன்றைய தேதியில் நான் மேடையில் சொன்னது எதுவும் பொய்யில்லை. தூக்கம் போய்விட்டது. அம்மாவின் கம்மல் போய்விட்டது. போன வாரம் கையையும் ஓங்கினானாம், அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் உங்களிடம் வந்திருக்கிறார். நான் செய்தது கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னதுதான்.

ஒரு சின்ன உதவி கேட்கலாமா? கை ஓங்கியதற்குப் பிடித்து, அவனை அரசு மருத்துவமனையில் உங்கள் காவலில்தானே வைத்திருக்கிறீர்கள். வருகிற சனிக்கிழமை சாத்தான்குளத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது, ஒரு மணி நேரம் விட்டால் போதும், வண்டி நானே கொண்டுவருவேன். நேற்றுப் போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து காட்டினான். இனிமேல் கருப்பட்டி தேவைப்படாது.