சுபேசன் சொன்ன பகிடி

எனக்குப் பகிடி பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் நான் வேலை செய்யும் பேக்கரியில் நாள் முழுக்கச் சிரிப்புத்தான்.

சுபேசன் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்து நகரம் ஒன்றில், மேயர் தேர்தலுக்கு நின்றான். இலங்கையிலிருந்து அகதியாக ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் நானும் அவனும் ஒரே அறை. பிறகு அவன் படிக்கவென்று அங்கே போய்விட்டான். பிரசாரக் கூட்டமொன்றில் என் கதையை எடுத்துவிட்டான். ஊருக்குத் தொலைபேசி எடுத்தபோது, இணைப்பு இல்லை என்று நோர்வேஜிய மொழியில் ஒரு பதிவுக்குரல் கேட்டதாம். நான் அதனிடம், "அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், அம்மாவைக் கூப்பிடுங்கோ" என்று கெஞ்சினேனாம். மண்டபமே சிரித்தது. அன்று ஊரில் செல் குண்டு விழுந்ததையும், அதில் அம்மா போய்விட்டதையும் அவன் சொல்லவில்லை.

காணொளி ஒஸ்லோ முழுக்கச் சுற்றியது. ஸ்ட்ரோம்மன் கடைத்தெருவில் ஒருவர், "செபஸ்ரியன் அண்ணை, அக்கா லைனுக்கு வந்தாவோ?" என்றார். என் மனைவி யோசெப்பினும் சிரித்தாள்.

பிறகு அந்த நகரத்து நிருபர் ஒருத்தி அழைத்து, சுபேசனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்டாள். அவன் போருக்குப் பிள்ளை பிடித்தவன் என்றேன். யாரை என்று கேட்டாள். என் தம்பி மார்க்கஸை; திரும்பி வரவேயில்லை என்றேன். மார்க்கஸ் இதே நோர்வேயில், பேர்கன் நகரில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறான். சுகமாக இருக்கிறான்.

செய்தி வந்ததும் சுபேசன் தொலைபேசி எடுத்தான்.

"செபா, பொய்யெண்டு ஒரு வார்த்தை சொல்லடா. வீட்டுக்குக் கல்லெறியினம். பிள்ளையளோடை மச்சாள் வீட்டிலை ஒளிச்சிருக்கிறம்."

"எந்த மச்சாள்?"

"மேரின்ரை வீடு. ஏரிக்கரையிலை. நீயும் ஒருக்கா வந்தனியெல்லோ."

"ஓம், நல்ல வீடு. சனம் இப்ப சிரிக்கேல்லையோ?"

அவன் அழுதான். முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் தொலைபேசியை வைப்பது மரியாதையில்லை.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் அந்த வீட்டு வாசலில் அவனைச் சுட்டார்கள். கூட நின்ற இளைய மகளும் பிழைக்கவில்லை. ஒஸ்லோவில் தேவாலயத்தில் இருவருக்கும் பூசை ஒப்புக்கொடுக்க வைத்தது நான்தான்.

நான் துவக்கைத் தொட்டவனில்லை. சுபேசன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று செய்திக்குக் கீழே ஒருவன் கேட்டிருந்தான். விலாசத்தை எழுதி, வீட்டுப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். வாசல் மாறிப் போய் யாராவது அப்பாவிக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே.