கருப்பு ஒயர், வெள்ளை ஒயர்

மடிக்கணினியின் பின்மூடியைத் திறப்பது யாரும் செய்யக்கூடிய காரியம்தான், வக்கீலம்மா. கழற்றிய வரிசையிலேயே திருகுகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டால் மூடும்போது குழப்பம் வராது. எங்கள் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆத்திரக்காரன் கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கக் கூடாது. நான் ஆத்திரக்காரன் அல்ல. என் தங்கைக்காக வந்திருக்கும் நீங்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேட்க வேண்டும்.

தங்கை தன் புருஷனை விட்டுவிட்டு மகளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள் அறையை ஒழித்துக் கொடுத்தேன். எனக்கு மனைவி கிடையாது, சங்கம் உண்டு. கட்டற்ற மென்பொருள் சங்கம். எந்த நிறுவனமும் நம் கணினிக்கு எஜமானாக இருக்கக் கூடாது, வைத்திருப்பவருக்கே முழு அதிகாரம் என்பது எங்கள் கொள்கை. இதைப் பற்றி நான் பேசினால் கைதட்டுவார்கள்.

அவளிடம் இருந்த ஸ்மார்ட்போன் புருஷன் வாங்கிக் கொடுத்தது. அதில் அவன் வேவு பார்க்கலாம் என்று எடுத்துச் சொல்லி, வாளித் தண்ணீரில் அவள் கையாலேயே போடவைத்தேன். பதிலுக்கு என் பழைய பட்டன் போனைக் கொடுத்தேன். மடிக்கணினியையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு லினக்ஸ் இயங்குதளம் போட்டேன். அதிலும் தூய வகை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நிறுவனங்கள் காட்டாத மூடிய கோப்பு ஒன்றுகூட அதில் இருக்காது. வைஃபையும் இருக்கவில்லை.

காரணம் எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த வைஃபை கார்டு இயங்க, அதைச் செய்த கம்பெனியின் சின்னக் கோப்பு ஒன்று வேண்டும். மூடிய கோப்பு. போட்டால் வேலை செய்யும். போட்டால் நான் யார்?

குழந்தை யாரிடம் இருப்பது என்கிற வழக்கு தூரத்து ஊர் நீதிமன்றத்தில் நடந்தது, விசாரணை காணொளியில். வக்கீல் எதற்கு, உண்மையைச் சொல்ல வாய் போதாதா என்று நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். முதல் விசாரணைக்கு அவளால் வர முடியவில்லை. பழையபடியே மாற்றிக் கொடுத்துவிடுங்கள் அண்ணா என்று கெஞ்சினாள். பக்கத்து வீட்டிலாவது போய் உட்காருகிறேன் என்றாள். குடும்ப விஷயத்தை ஊரே கேட்க வேண்டுமா என்று கேட்டேன். அழுதாள். அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் 'அண்ணா, அண்ணா' என்று என் அறை வாசலில் வந்து நிற்பாள். வீடு வீடாக இருந்தது.

நீதிபதி இன்னொரு தேதி கொடுத்தார். அதற்கும் வராவிட்டால் குழந்தையின் அப்பா பக்கம் சொல்வதை வைத்து முடிவெடுத்துவிடுவேன் என்றாராம்.

அதற்குள் கடுகு வந்து சேர்ந்தார். சங்கத்து ஆள், வங்கியில் குமாஸ்தா, உருவம் சிறிது, வாய் காரம். ஏதோ கேபிளைத் திருப்பிக் கொடுக்க வந்தவரிடம் தங்கை மடிக்கணினியை நீட்டிவிட்டாள். அவர் பென்டிரைவிலிருந்து அந்தக் கோப்பைப் போட்டார். கொடுத்த டீ ஆறுவதற்குள் வைஃபை வந்துவிட்டது.

"கொள்கை உங்களுக்கு, தலைவரே. புள்ள அவங்களுக்கு," என்றார்.

தங்கை திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இவ்வளவுதானா அண்ணா?"

குழந்தை, நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம், அது சிரித்தது. "மாமா, உனக்கு இது தெரியாதா?"

குழந்தைகள் சிரிக்கத்தான் செய்யும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தங்கை என் அறை வாசலுக்கு வரவில்லை. இணையத்தில் வேலை தேடினாள். வாடகைக்கு வீடு பார்த்தாள். படங்களை வாலுவிடம் காட்டி, எந்த ஜன்னல் பிடித்திருக்கிறது என்று கேட்டாள்.

விசாரணைக்கு முந்தின நாள், பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துவர அவள் போனாள். நான் பின்மூடியைத் திறந்தேன். வைஃபை கார்டின் தலையில் கருப்பாக ஒன்று, வெள்ளையாக ஒன்று என இரண்டு மெல்லிய ஒயர்கள் பொருத்தியிருக்கும். ஆன்டெனா ஒயர்கள். நகத்தால் நெம்பினால் கழன்றுவிடும். கழற்றினேன். மூடினேன். ஒரு திருகுகூட மிஞ்சவில்லை.

இதில் உள்ள நயம் உங்களுக்குப் புரிய வேண்டும். கார்டு உயிரோடு இருக்கும். கணினி அதைக் கண்டுகொள்ளும். பிழை என்று எதுவும் காட்டாது. ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் ஓரளவு வேலையும் செய்யும். நாலடி தள்ளினால் திணறும். அவள் பட்டன் போனில் கடுகைக் கூப்பிட்டாள். அவர் சொல்லச் சொல்ல என்னென்னவோ தட்டினாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சுவர் தடுக்கிறதோ என்னவோ, ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார்.

ரூட்டர் என் அறையில். அவள் வாசலில் வந்து நின்றாள்.

"காலைல உங்க ரூம்ல உக்காந்துக்கட்டுமா அண்ணா?"

"அதுக்கென்ன, வா," என்றேன்.

காலையில் எனக்கு இணைய வழியில் ஓர் உரை இருந்தது. 'பயனரின் விடுதலை' என்பது தலைப்பு. வெளி ஊர்களிலிருந்தெல்லாம் வந்து இணைந்திருந்தார்கள். கதவைத் தாழ்ப்பாள் போடாமல் எப்படிப் பேசுவது? அவள் தட்டினாள். யாரோ கதவைத் தட்டுகிறார்களே தலைவரே என்று ஒருவர் கேட்டார். குழந்தை விளையாடுகிறது என்றேன்.

பிறகு தட்டல் நின்றது. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, மடிக்கணினியைக் கதவோடு சேர்த்து வைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அவள் குரல் தாழ இருந்து வந்தது. கேள்வி நேரத்தில் என் பேச்சு நின்றிருந்ததால் கொஞ்சம் கேட்டது. குழந்தை எங்கே தூங்குகிறாள் என்று நீதிபதி கேட்டார். "என் பக்கத்துலதான் ஐயா," என்று சொன்னாள். அது போய்ச் சேரவில்லை. திரும்பச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். அங்கே அவள் முகம் வாய் திறந்தபடி உறைந்திருக்க வேண்டும். அப்போது அந்தப் பக்கத்து வக்கீல் சொன்னார்: "ஒரு கனெக்‌ஷனை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவங்க, குழந்தைய எப்படி வச்சுக்குவாங்க?"

நல்ல பேச்சாளர். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்.

தீர்ப்பு அப்பா பக்கம் போய், குழந்தையை அழைத்துப்போகக் கார் வந்தபோது தங்கை உள் அறையை விட்டு வரவில்லை. வாலுவின் பையை நான்தான் வண்டியில் வைத்தேன்.

"மாமா, வைஃபை சரியாயிடுச்சுன்னா நான் வந்துடலாமா?"

"வந்துடலாம்," என்றேன்.

கார் தெரு முனை திரும்பியதும் ஒயர்களை மாட்டிவிட்டேன். எதையும் நான் உடைக்கவில்லை. இப்போது உள் அறையிலும் சிக்னல் முழுசாக இருக்கிறது. அவள்தான் மடிக்கணினியைத் திறப்பதில்லை. சாப்பிடட்டுமா என்பதைக்கூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். வீடு மறுபடி வீடாகிவிட்டது.

ஆக, நான்தான் செய்தேன். மறைக்க என்ன இருக்கிறது? இதை எழுத்தில் கொடுத்தால் வழக்கைத் திரும்ப எடுப்பார்கள், குழந்தை திரும்பி வரலாம், நாளையோடு கெடு முடிகிறது என்கிறீர்கள். எல்லாம் சரி. கடுகு ஊகித்துச் சொன்னதை வைத்து நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த இந்தக் காகிதத்தையும் வரி விடாமல் படித்துவிட்டேன். ஒரு பொய்கூட இல்லை.

ஆனால் இந்த எழுத்துரு ஒரு நிறுவனத்தின் சொத்து, வக்கீலம்மா. கட்டற்ற எழுத்துருவில் மறுபடி அடித்து எடுத்து வாருங்கள். நாளை மறுநாள் நான் வீட்டில்தான் இருப்பேன். தங்கை ஒன்றும் நினைக்க மாட்டாள். அண்ணன் கொள்கை என்று வந்துவிட்டால் சொந்தபந்தம் பார்க்க மாட்டான் என்பதில் அவளுக்கு எப்போதும் பெருமை.